ஒரே கடிதத்தில் ஏழெட்டு ‘லவ்’. தமிழில் எப்படி வாசித்துக் காட்டுவது?

கச்சேரியடி (கிளிநொச்சி) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் போட்டோக்கொப்பி, தட்டச்சு, மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், வங்கிப் படிவம், விசாவுக்கான அழைப்புக் கடிதம் என்று பொழுது போகும். அவற்றில் சிக்கல் இல்லை, வசனங்கள் எப்போதும் ஒன்றுதான். சிக்கல் வருவது சொந்தக் கடிதங்களில்.

உருத்திரபுரம் பக்கமிருந்து ஒரு அம்மம்மா வருவார். மகள் குடும்பம் பேர்மிங்ஹாமில். பேத்திக்குப் பதினொரு வயது. போனில் கதைக்கச் சொன்னால் “ஹலோ அம்மம்மா, சுகமா?” என்று கேட்டுவிட்டுத் தாயிடம் போனைக் கொடுத்துவிடுவாளாம். எழுதச் சொன்னால் மட்டும் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதுவாள். தாய் அதைப் படமெடுத்து என்னுடைய வட்ஸ்அப்புக்கு அனுப்புவார். நான் பிரின்ட் எடுத்து வைத்திருந்து, அம்மம்மா வரும்போது தமிழில் வாசித்துக் காட்டுவேன்.

கடைசியாக வந்த கடிதத்தில் நடந்தது இது. ‘ஐ லவ் த ஃப்ரொக்’ என்று தொடங்கியிருந்தாள். “நீங்கள் அனுப்பின சட்டை எனக்கு நல்ல விருப்பம் அம்மம்மா” என்றேன். அடுத்தது ‘ஐட் லவ் டு கம் டு முறிகண்டி அகெய்ன்’. “முறிகண்டிக்குத் திரும்பவும் வர ஆசையாக இருக்கு” என்றேன். போனமுறை வந்தபோது அந்தக் கோயில் பிள்ளையாரைவிடக் கச்சான் (நிலக்கடலை) கடைதான் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. ‘மம் வுட் லவ் யூ டு கம் ஹியர்’ என்பதற்கு, “நீங்கள் இங்கே வந்தால் அம்மாவுக்குச் சந்தோஷமாம்”. ‘டாட் லவ்ஸ் ஹிஸ் கார்’ வந்தது, “அப்பாவுக்குக் கார் எண்டால் உயிர்” என்றேன். பிறகு அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி யாரோ ஒரு பெடியனோடு ‘இன் லவ்’ என்று ஒரு வரி. குரலைக் கொஞ்சம் இறக்கி, “சிநேகிதப் பிள்ளைக்கு ஒரு பெடியனில விருப்பமாம்” என்று சொல்லிக் கடந்துவிட்டேன்.

அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் வாசிக்க வாசிக்க அவருடைய விரல் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. பிறகு மேலே போய் இன்னோரிடத்தில் நின்றது. “தம்பி, இந்தச் சொல்லு ஓட்டோக்குப் பின்னாலை எழுதியிருக்கிற சொல்லெல்லோ? இஞ்சை பார், இதிலையும் இருக்கு, இதிலையும் இருக்கு. பிள்ளை ஒரே சொல்லைத்தான் எழுதியிருக்கிறாள். நீ ஒவ்வொரு இடத்திலையும் ஒவ்வொண்டு சொல்லுறாய்.”

அந்த ஸ்டிக்கரில் இதயம் வரைந்து பக்கத்தில் ‘லவ்’ என்று இருக்கும், எல்லோரும் கண்டிருப்பீர்கள். அவருக்கு அந்த நாலு எழுத்தின் உருவம் மனதில் பதிந்திருக்கிறது. நான் எதையோ ஒளிக்கிறேன் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை.

இப்போது என் கேள்வி. எல்லா இடத்திலும் பொருந்துகிற ஒரு தமிழ்ச்சொல் இருக்கிறதா? இல்லையென்றால், ஏன் இல்லை என்று அவருக்கு விளங்குகிற மாதிரி எப்படிச் சொல்வது? அப்புறம் கடிதத்தின் அடியில் வரும் ‘லொட்ஸ் ஒவ் லவ்’. அதை “நிறைய அன்புடன்” என்று வாசித்தால் பாடசாலைப் பரிசளிப்பு விழா அழைப்பிதழ் போலக் கேட்கிறது.


குளக்கட்டு (வவுனிக்குளம்):

அண்ணை, ‘லவ்’ எண்டதை ‘லவ்’ எண்டே வாசிச்சு விடுங்கோ. இப்ப ஆர்தான் லவ்வுக்குத் தமிழ் சொல்லுகினம்? சட்டையில லவ், காரில லவ், பெடியனில லவ். அம்மம்மா இரண்டு நாளைக்குச் சிரிப்பா.


பாலைப்பழம்:

இதிலிருந்தே தெரிகிறது தமிழின் வளம். அன்பு, பாசம், நேசம், காதல், பற்று, பரிவு, பிரியம், வாஞ்சை என்று நமக்கு எத்தனை! ஆங்கிலத்துக்கு இருப்பது ஒரே ஒரு ‘லவ்’. பாவம், தாய்க்கும் அதுதான், தக்காளிக்கும் அதுதான்.


பழைய ரீச்சர் (ஒட்டுசுட்டான்):

தம்பி பாலைப்பழம், தக்காளியை நீர் பகிடிக்குச் சொன்னீர். ஆனால் தக்காளிக்கு ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் பெயரே ‘லவ் அப்பிள்’ தான்! அதை விடுவோம். ஆங்கிலத்திலும் லைக், ஃபொண்ட், அடோர், அஃபெக்ஷன், டிவோஷன் என்று சொற்களுக்குக் குறைவில்லை. ‘லவ்’ மட்டும் எல்லா வீட்டுக்குள்ளும் தட்டாமல் நுழைந்துவிட்டது, அவ்வளவுதான்.

கச்சேரியடித் தம்பி, நான் சாதாரண தர வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்துத்தான் தலை நரைத்தவள். ‘லவ்’ என்ற சொல்லைத் தனியே பார்த்தால் உமக்குத் தலை சுற்றும். அதற்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாரும். ‘ஐ லவ் ஹேர்’ என்று மகளைப் பற்றித் தாயும் சொல்லலாம், ஆச்சியைப் பற்றிப் பேரனும் சொல்லலாம். ‘ஐ ஆம் இன் லவ் வித் ஹேர்’ என்றால் ஒரே ஒரு கருத்துத்தான், பிறகு வீட்டில் பெரியவர்களோடு கதைக்க வேண்டும். அந்த ‘இன்’னும் ‘வித்’தும் செய்கிற வேலை.

இதே வேலையை நாங்கள் வாயைத் திறந்தால் செய்கிறோம், கவனிப்பதில்லை. “எனக்கு மாம்பழம் விருப்பம்” என்றால் சாப்பாடு. “எனக்கு அவளில விருப்பம்” என்றால் கதை வேறு. ஒரு ‘இல’ ஒட்டினவுடன் விஷயம் கலியாணத்துக்குப் போய்விடுகிறது. “அவை விரும்பிச் செய்தவை” என்று சொன்னால் பேசிச் செய்த கலியாணம் இல்லை என்று ஊரில் எவருக்கும் விளங்கும். நீரும் அந்தக் கடிதத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்: சட்டை விருப்பம், பெடியனில விருப்பம். ஆகவே ஒரே சொல் வேண்டுமென்று அம்மம்மா பிடிவாதம் பிடித்தால் விருப்பம்தான் கிட்ட நிற்கும். காருக்கும் செல்லும், பேத்திக்கும் செல்லும், பெடியனுக்கும் செல்லும்.

‘ஐட் லவ் டு’ என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது வெறும் மரியாதை. ‘ஐட் லவ் எ கப் ஒஃப் ரீ’ என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னால் அவருக்குத் தேத்தண்ணியில் உயிர் என்று நினைத்துவிடாதேயும். “ஒரு தேத்தண்ணி குடிச்சால் நல்லம்”, அவ்வளவுதான்.

பிள்ளைகளை நான் வழக்கமாகப் பிடிக்கிற இடங்கள் இரண்டு. ‘நோ லவ் லொஸ்ற்’ என்று வந்தால் அன்பு கொஞ்சமும் குறையவில்லை என்று எழுதுவார்கள். கருத்து நேர்மாறு, இரண்டு பேருக்கும் ஆளையாள் கண்ணில் காட்ட ஏலாது. மற்றது ‘நொட் ஃபோர் லவ் ஓர் மணி’. “என்ன குடுத்தாலும் நடவாது” என்பதுதான் அது. இன்னுமொன்று: ‘லவ்’ மாதிரி வினைகளுக்கு ‘இங்’ போடுவது வழக்கமில்லை என்று கரும்பலகையில் எழுதினால், 2003க்குப் பிறகு எந்த வகுப்பிலும் ஒரு பெடியன் எழும்பி ‘ஐம் லவின் இற்’ என்ற மக்டொனால்ட்ஸ் விளம்பரத்தைச் சொல்லுவான். விளம்பரக்காரருக்கு இலக்கணப் பரீட்சை இல்லை என்று சொல்லி இருத்திவிடுவேன்.


குளக்கட்டு:

ரீச்சர், அப்ப பட்மின்ரன்? இரவில லைற் போட்டு விளையாடேக்கை “லவ் ஓல், பிளே” எண்டு கத்திறமே. எல்லாரையும் லவ் பண்ணச் சொல்லுறாங்கள் எண்டுதான் நான் கனகாலம் நினைச்சிருந்தனான்.


பழைய ரீச்சர்:

அந்த ‘லவ்’ சைபர். இரண்டு பக்கமும் சைபர், விளையாடத் தொடங்கு. பிரெஞ்சில் முட்டையைக் குறிக்கும் ‘லஃப்’ என்ற சொல்லிலிருந்து வந்ததென்று ஒரு கதை உண்டு, சைபர் முட்டை வடிவில் இருக்கிறதாம். கதை நன்றாயிருக்கிறது, ஆனால் அகராதிக்காரர்கள் அதை அவ்வளவு ஏற்பதில்லை. ‘ப்ளேயிங் ஃபோர் லவ்’ என்றால் பந்தயக் காசு இல்லாமல் விளையாடுவது. காசும் இல்லை, எடுக்கப்போவதும் ஒன்றுமில்லை, அப்படியே சைபராகிவிட்டது. புல்தரை ரெனிஸ் 1870களில்தான் வந்தது. அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே சீட்டாட்டத்தில் சைபரை ‘லவ்’ என்றிருக்கிறார்கள். எங்கள் ஆக்கள் 304 என்ற சீட்டு விளையாடும்போது “காசுக்கோ சும்மாவோ?” என்று கேட்பார்களே, அந்தச் சும்மாதான் ‘ஃபோர் லவ்’.


மாங்குளத்தாள் (லீட்ஸ்):

நான் மாங்குளத்தில் பிறந்து இப்போது லீட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வந்த புதிதில் பஸ்ஸில் ஏறிக் காசை நீட்ட, தகப்பன் வயது ட்ரைவர் “தாங்க்யூ லவ்” என்றார். எனக்கு முகமெல்லாம் சூடு. இருக்கையில் போயிருந்து பார்க்கிறேன், அடுத்து ஏறின ஆச்சிக்கும் லவ், கட்டட வேலைக்குப் போகிற தடித்த மனுசனுக்கும் லவ்! யோர்க்ஷயர் பக்கம் அப்படித்தான், ஆம்பிளையும் ஆம்பிளையைச் சொல்லுவார். நொட்டிங்ஹாம் பக்கம் போனால் ‘டக்’ என்பார்கள், தாரா. பிரிஸ்டல் பக்கம் இன்னும் மோசம், கடைக்காரர் “ஓல்ரைட் மை லவர்?” என்று கேட்பார். ஊரில் ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் அண்ணன்மார் தடியோடு வந்திருப்பார்கள்.

இதை யாரும் காதல், அன்பு என்று மொழிபெயர்க்கத் தேவையில்லை. எங்கட ஊரில் மரக்கறி விற்கிற அம்மா “என்ன ராசா வேணும்?” என்று கேட்டால் அவர் அரசனைத் தேடவில்லையே. மோனை, ராசா, குஞ்சு. அந்த வரிசையில் வைக்க வேண்டிய ‘லவ்’ அது. இப்போது நானும் இல்லத்து ஆச்சிமாருக்கு “கம் ஓன் லவ்” என்றுதான் சொல்கிறேன். கூச்சம் போய்விட்டது. சொல்லாவிட்டால்தான் “உனக்கு இன்றைக்கு ஏதும் கோபமோ?” என்று கேட்கிறார்கள்.

கச்சேரியடி அண்ணா, கடிதத்தின் அடியில் வருகிற ‘லவ்’வும் பாதி இந்தச் சாதிதான். அது இல்லாமல் பெயரை மட்டும் எழுதினால் பிள்ளை கோபத்தில் எழுதின கடிதம் என்று அர்த்தம். எழுதினவள் யோசித்து எழுதியிருக்கமாட்டாள், ஆனால் விடவும் மாட்டாள்.


மடு வீதி:

வேதக்காரர் பக்கத்திலிருந்து ஒன்று. கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் 13ஆம் அதிகாரத்தைக் கலியாணப் பூசையில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 1526இல் ரின்டேல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது ‘லவ்’ என்று போட்டார். 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்து மொழிபெயர்ப்பில் அதே இடம் ‘சரிற்றி’ ஆயிற்று. 1881இல் திருத்தியபோது திரும்பவும் ‘லவ்’. ஆங்கிலேயருக்கே அந்தச் சொல்லைக் கோயிலுக்குள் விடுவதா வேண்டாமா என்று இழுபறி இருந்திருக்கிறது. மூலக் கிரேக்கத்தில் இருப்பது அகாப்பே. ஆண் பெண் ஆசைக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு.

எங்கள் ஆச்சி சொல்லித் தந்த பழைய செபத்தில் அன்பு என்றே வராது. தேவசிநேகம், பிறர்சிநேகம். சிநேகம் என்றால் இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அன்றைக்கு அது கடவுளுக்குரிய சொல்.


நந்திக்கரை (முல்லைத்தீவு):

இதில் நானும் ஒன்று எழுத வேண்டும், பகிடி இல்லை. வெளியாட்கள் வரும்போது சிலவேளை மொழிபெயர்க்கப் போகிறவன் நான். ஆங்கிலப் படிவங்களில் ‘லவ்ட் வன்ஸ்’ என்று ஒரு சொல் வரும். அகராதி பார்த்து “உங்கள் அன்புக்குரியவர்” என்று தமிழில் அடித்து வைத்திருப்பார்கள். ஒருமுறை ஒரு தாய் அந்த வரியைக் கேட்டுவிட்டு, “அன்புக்குரியவர் எண்டால் ஆர் தம்பி? என்ரை மகனைத்தானே கேக்கினம்? மகன் எண்டு கேக்கலாமே” என்றார்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை உயிரோடு வீட்டில் இருக்கிறவருக்கும் சொல்லலாம்தான். ஆனால் படிவத்தில் வந்தால் அநேகமாகச் செத்தவர், காணாமல் போனவர். பெயரும் முறையும் தெரியாமல் எல்லோரையும் ஒரே கூட்டுக்குள் போட அவர்களுக்கு அது வசதி. எங்கட சனம் அதற்கு வைத்திருக்கிற சொல் உறவுகள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் போனவர்களின் தாய்மார் போராட்டம் இருந்த நாளிலிருந்து பதாகையிலும் கோஷத்திலும் “எமது உறவுகள் எங்கே?” என்றுதான் வருகிறது. அன்பு என்ற சொல் அதற்குள் இல்லை. நான் இப்போது ‘லவ்ட் வன்ஸ்’ வருகிற இடத்தில் முதலில் மகனா, கணவரா, சகோதரமா என்று கேட்டு, அந்த முறையைத்தான் சொல்கிறேன்.


முள்ளியவளையான்:

தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் பாலைப்பழத்துக்கு ஒரு மறுப்பு. எங்களிடம் ஒவ்வொரு உறவுக்கும் ஒவ்வொரு சொல் ஆதியிலிருந்தே பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்ற நினைப்பு சரியில்லை. காதலையே எடுங்கள். இன்றைக்கு அந்தச் சொல்லைத் தாய் பிள்ளைக்குப் பாவித்தால் சிரிப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ‘காதலன்’ என்ற சொல்லைப் பாருங்கள்: கணவன், தோழன், மகன் மூன்றுமே இருக்கிறது.

குறள் 440 “காதல காதல் அறியாமை உய்க்கிற்பின்” என்று தொடங்கும். காமத்துப்பாலில் இல்லை, குற்றங்கடிதல் என்ற அதிகாரத்தில். அரசன் தான் விரும்புகிற பொருள்களை, அந்த விருப்பம் மற்றவர்களுக்குத் தெரியாமல் அனுபவித்தால் பகைவரின் சூழ்ச்சி பலிக்காது என்பது கருத்து. ஆக அங்கே ‘காதல’ என்பது பேர்மிங்ஹாம் அப்பாவின் கார்தான். 507இல் காதன்மை என்று வருகிறது. அது வேண்டியவன் என்பதற்காக ஒன்றும் தெரியாதவனைப் பதவிக்கு நம்பி எடுக்கிற விவகாரம். இதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய நாடு இது இல்லை. எங்கள் காதலும் ஒருகாலம் ‘லவ்’ மாதிரி எல்லா இடமும் திரிந்த சொல். பிறகுதான் சோடிகளோடு மட்டும் நின்றுவிட்டது.

இன்னொன்று. ஆங்கில ‘லவ்’, ஜெர்மன் ‘லீப’, சமஸ்கிருதத்தில் ஆசைப்படுதலைக் குறிக்கும் ‘லுப்’ எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த ‘லுப்’பிலிருந்து வந்ததுதான் லோபம், தமிழில் உலோபம், உலோபி. அங்கே அன்பாகப் போனது இங்கே கஞ்சனாக வந்து சேர்ந்திருக்கிறது. அம்மம்மாவுக்கு இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.


கச்சேரியடி:

எல்லோருக்கும் நன்றி. நந்திக்கரை சொன்னதைக் கடைப் படிவங்களில் இன்றே மாற்றத் தொடங்கிவிட்டேன், அதற்குத் தனியாக நன்றி.

அம்மம்மா வெள்ளிக்கிழமை வந்தார். ரீச்சர் சொன்னபடி எல்லா இடத்திலும் விருப்பம் என்றே வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப பிள்ளைக்கு என்னிலையும் விருப்பம், சட்டையிலையும் விருப்பம். எதிலை கூட?” என்றார். சட்டையைப் பற்றி ஒரு வரி, உங்களைப் பற்றி முழுப் பக்கம் என்று சொன்னேன். அடியில் இருந்த ‘லொட்ஸ் ஒவ் லவ்’வை “அம்மம்மாவுக்கு நிறையக் கொஞ்சல்” என்று வாசித்தேன். கீழே பிள்ளை எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று போட்டிருந்தது, அது முத்தம்தானே. எங்கட ஊரில் கொஞ்சுவது என்றாலும் அதுதான் என்று வெளிநாட்டில் இருந்து படிக்கிற இந்தியத் தமிழ் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இப்போது பிரச்சினை மற்றப் பக்கத்தால் வந்திருக்கிறது. அவர் பதில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். “என்ரை குஞ்சு, அம்மம்மாவுக்கு நீ எண்டால் உயிர். நீ பிறக்கேக்கை நான் பக்கத்தில இல்லை எண்டாலும் உன்னில எனக்குத் தனி வாரப்பாடு. கொம்மாவையும் கேட்டதாச் சொல்லு. ஆயிரம் கொஞ்சல்.” இதை ஆங்கிலமாக்க உட்கார்ந்தால் குஞ்சும் லவ், உயிரும் லவ், வாரப்பாடும் லவ், கொஞ்சலும் லவ். நாலு வரியில் நாலு லவ்! அம்மம்மா திரும்பவும் விரலை வைத்து எண்ணுவார். வாரப்பாட்டுக்காவது வேறு ஏதும் போடலாமா ரீச்சர்?


பழைய ரீச்சர்:

உயிருக்கு ‘யூ ஆர் மை லைஃப்’ என்று போடலாம், பிள்ளைக்கு விளங்கும். குஞ்சு ‘டார்லிங்’. கொஞ்சலுக்கு ‘கிஸ்ஸஸ்’ இருக்கிறது, ஆயிரத்தையும் விடாதேயும். வாரப்பாட்டுக்கு அகராதியில் ‘ஃபொண்ட்’ கிடைக்கும். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளை அதைப் பார்த்தால் அம்மம்மாவுக்குத் தன்னில் கொஞ்சம் குறைந்துபோச்சு என்றுதான் நினைக்கும். அதிலே மட்டும் லவ் என்றே போடும்.